நண்டு ஓட்டில் மண்

"பேட்டரி ஒரு வாரம் தாங்கினாலே பெரிசு" என்றுதான் மதுரைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். மாதம் ஒன்றாகியும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சில நாள் சாயங்காலம் மட்டும் கொஞ்ச நேரம் படம் வராது; தீவில் டவர் கிடைக்கும் லட்சணம் அப்படி என்று மாலதி விட்டுவிட்டாள்.

சிக்கல் ஊர்ப் பக்கம் கோழித் தீவன ஆலை நடத்துகிறாள் மாலதி. தீவிலிருக்கும் அக்காள்மடத்தில் ஹமீது சுல்தானின் நண்டுக் கம்பெனியில் சதை எடுத்தபின் மிஞ்சும் ஓடுதான் அவளுக்குச் சரக்கு. திடீரென்று மூட்டைகளில் மண் வர ஆரம்பித்தது. தீவனம் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

"எங்க பக்கம் மண்ணு சேர வழியே இல்லம்மா" என்றார் ஹமீது.

எடைக்காகக் கலக்கிறார் என்றே அவள் முடிவு கட்டினாள். ஒப்பந்தத்தை முறிக்க அத்தாட்சி வேண்டுமே! ஓடு காயவைக்கும் கொட்டகையின் உத்தரத்தில் கேமராவை ஒளித்துவைத்து, செல்போனில் பார்க்கத் தொடங்கினாள்.

கம்பெனி ஆட்களையே முறைத்துக்கொண்டிருந்தவள், நேற்றுத்தான் லோடு ஏற்றுவதையும் பார்த்தாள். சாக்குப் பிடிக்கச் சோம்பல்பட்டு, ஓடுகளை வாசல் மணலில் தள்ளி, மண்ணோடு வாரிக் கட்டினார்கள் லோடுமேன்கள். அத்தனை பேரும் அவள் அனுப்பிய ஆட்கள்!

மாலதிக்குக் கூசிப்போயிற்று. காதும் காதும் வைத்தாற்போல் கேமராவைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்று இன்று கொட்டகைக்கு வந்துவிட்டாள்.

"வாங்க மாலதிம்மா. இருங்க, டீ சொல்லிட்டு வாரேன்." ஹமீது வெளியே போனார்.

மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். கேமராவைக் கழற்றிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஹமீது திரும்பி வந்து கொடுத்த டீயை வாங்கிக்கொண்டாள்.

"பாய், மண்ணு எங்க ஆளுக பார்த்த வேலைதான். உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டேன்."

கேமராவைப் பற்றி மட்டும் சொல்ல வாய் வரவில்லை. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட, விடுங்கம்மா. எப்பவும்போல லோடு எடுங்க, அது போதும்."

ஹமீது நடுவில் கிடந்த ஸ்டூலைப் பார்த்தார். அப்புறம் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார்.

"கேமராவ அங்கனயே விட்டுட்டுப் போங்கம்மா, நேத்துத்தான் சார்ஜ் ஏத்தி மாட்டினேன்."