சிவப்புக் காரும் அதன் மீட்டரும்

பழைய கார் விற்கும் கடையில் ஒரு சின்னச் சிவப்புக் கார் நின்றது. பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார். ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. அதில் காரைவிட அதன் மீட்டருக்குத்தான் பெருமை அதிகம். ஒவ்வொரு மலையும் ஏறி முடித்ததும், "இன்னும் கொஞ்சம் போகலாமா?" என்று கேட்கும்.

கடைக்கு வந்த மறுநாளே வியாபாரி ஆள் வைத்து மீட்டரை முப்பதாயிரம் கிலோமீட்டருக்குக் குறைத்துவிட்டார்.

மலைக்கிராமங்களுக்குத் தினமும் போய்வரும் நர்ஸ் எஸ்தர் வண்டி பார்க்க வந்தாள். ஓட்டிப் பார்த்தாள். முதல் வளைவிலேயே சிரித்துவிட்டாள்.

"அய்யோ, என்னமா திரும்புது!"

இவளோடு போய்விடலாம் என்று கார் முடிவே செய்துவிட்டது.

கடைக்குத் திரும்பி வந்து நிறுத்தியதும் அவள் மீட்டரைப் பார்த்தாள்.

"பன்னிரண்டு வருஷத்துல முப்பதாயிரம்தானா? சும்மாவே நின்ன வண்டியை நம்பி மலையேற முடியாதுண்ணே. நல்லா ஓடிப் பழகின வண்டி வந்தா சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் மீட்டரைக் குறைத்ததையும் சொல்ல வேண்டும். வியாபாரி வாயைத் திறக்கவில்லை. எஸ்தர் போய்விட்டாள்.

"நீயாவது உண்மையைக் காட்டியிருக்கலாமே," என்று கார் மீட்டரிடம் அழுதது. "கொட்டுகிற மழையில் அந்தப் பிள்ளைத்தாச்சியை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தோமே!"

மீட்டர் வெகுநேரம் யோசித்தது.

"மலையா?" என்றது. "நாம் மலைக்கெல்லாம் போயிருக்கிறோமா?"