லாயக்கற்ற இருக்கைகள்

"நான் என்ன வேணாம்னா சொல்றேன் சிஸ்டர்? இதெல்லாம் உபயோகத்துக்கு லாயக்குன்னு பஸ்காரங்க ஒரு வரி எழுதித் தரட்டும், இப்பவே எடுத்துக்கிறேன்" என்றார் ரங்கராஜன். அரசு மருத்துவமனையின் ஸ்டோர் அதிகாரி.

நர்ஸ் மேவிஸுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பஸ் டெப்போ முற்றத்தில் பழைய பஸ்களிலிருந்து கழற்றிய இருக்கைகள் கிடந்தன. இரும்புக் கால்கள்கூட ஆடவில்லை. துடைத்தால் போதும்.

அவளுடைய வார்டில் கர்ப்பிணிகள் செக்கப்புக்குத் தரையில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். போன வாரம் ஒருத்தி எழுந்திருக்கும்போது தலைசுற்றி விழுந்தாள்.

இதற்காகத்தானே பஸ், மருத்துவமனை, மாநகராட்சி என்று மூன்று துறைகளும் கைகோத்தன? ஒருவர் கழித்ததை இன்னொருவர் பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரம் என்று பேனர் கட்டி, பாணேர் பகுதியில் ஒரு ஓட்டலில் வயிறாரச் சாப்பிட்டும் ஆயிற்று.

லாயக்கில்லை என்று எழுதினால்தான் பஸ் துறை இருக்கைகளைக் கைவிட முடியும். எழுதிவிட்டது. லாயக்கில்லாததை ரங்கராஜன் வாங்க முடியாது. யாரும் வாங்காதது குப்பை. குப்பை மாநகராட்சிக்குச் சொந்தம்.

மாநகராட்சி லாரி வந்தும் விட்டது. இதற்கு மட்டும் என்ன சுறுசுறுப்பு!

மூன்று அதிகாரிகளும் நல்லவர்கள்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டவாவது ஒரு அயோக்கியன் கிடைத்திருக்கலாம்.

அவர்கள் கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது மேவிஸ் இருக்கைகளை ஏற்றியிருந்த லாரியில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மராத்தியில் கெஞ்சினாள். குப்பைக் கிடங்கு ஊருக்கு வெளியே எங்கேயோ இருந்தது. மருத்துவமனை பக்கத்துத் தெரு. டிரைவருக்கும் கசக்கவில்லை.

மறுநாள் காலை, மருத்துவமனை வாசலில் யாரோ குப்பை கொட்டிவிட்டதாக மாநகராட்சிக்குப் போனில் புகார் போனது. சுகாதார ஆய்வாளர் பைக்கில் பறந்து வந்தார். விஷயம் தெரிந்து ரங்கராஜனும் வேர்த்து விறுவிறுக்க ஓடிவந்தார்.

வாசல் நிழலில் அந்த பஸ் இருக்கைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி காலை நீட்டி, கண்ணை மூடியிருந்தாள்.

குப்பை எங்கே என்று ஆய்வாளர் ரங்கராஜனைக் கேட்டார்.

ரங்கராஜன் அந்தப் பெண்களைப் பார்த்தார். மேவிஸைப் பார்த்தார். குப்பை என்று சொன்னால் அத்தனை பேரையும் எழுப்பியாக வேண்டும்.

"இங்கே குப்பை எதுவும் இல்லையே" என்றார்.

இல்லாத குப்பைக்குப் போன் போட்டு உயிரை வாங்கியது எந்தப் பெண்பிள்ளை என்று ஆய்வாளர் கத்தினார்.

மேவிஸ் அவசரமாக அடுத்த கர்ப்பிணியின் பெயரைக் கூப்பிட்டாள்.