துரை பேசிய தமிழ்

“பாகியோ மலை ஊரு, குளிரும். டுமகெத்தே கடலோரம், மீன் மலிவாம். உனக்கு எது புடிக்குது?” என்று வேலப்பன் மனைவியிடம் கேட்டான்.

“மீன் ஊருதான். உனக்குக் குளிர் ஆகாதுய்யா,” என்றாள் சிகப்பாயி. “பிலிப்பைன்ஸ்லயும் இங்க மாதிரி காட்டுக்குள்ள இருந்து கம்யூனிஸ்ட்டுங்க சுடுவாங்களா?”

“டுமகெத்தே பக்கம் ஒண்ணுமில்லயாம்லா. துரை விசாரிச்சுட்டாரு.”

வேலப்பன் மலாயாவில் புலாவ் செபாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துரை பங்களா சமையல்காரன். “நாம பிலிப்பைன்ஸ் போறோம்” என்று துரை தமிழில் சொன்ன அன்றே சிகப்பாயி தன் கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

மறுநாள் அவன் வந்து துண்டை வீசி எறிந்தான்.

“டுமகெத்தேதானாம். வீடும் பாத்தாச்சாம்.”

“அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

“நம்ம துணிய எந்தப் பெட்டியில வைக்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. ‘நீ இல்ல, நாம மட்டும்’ங்கிறாரு. அவரு, துரைசானி, நாய்!”

“‘நாங்க’ன்னு சொல்லத் தெரியாதா அந்த ஆளுக்கு?”

“வெள்ளக்காரரு. தமிழ் அவ்வளவுதான் தெரியும்...”

“நல்லாத் தெரியும்!” சிகப்பாயி வாசலுக்கு எதிரே, தொழிலாளர் வீடுகளைச் சுற்றிப் போட்டிருந்த முள்கம்பி வேலியைக் காட்டிக் கத்தினாள். “போன மாசம், ‘நாம எல்லாரும் கம்பி வேலிக்குள்ள குடி போகணும்’னு அதே வாயாலதான சொன்னாரு? வந்தாராய்யா?”