நடுமதில்

கல்முனைக்குடியிலேயே கண்ணால் காணி அளக்கும் ஆற்றல் இஸ்மாலெப்பை ஒருவருக்குத்தான் அருளப்பட்டிருந்தது.

மகளின் சீதனத்துக்காகப் பக்கத்து வீட்டை விலை பேசினார். காணி உறுதிப் பத்திரத்தில் பத்துப் பேர்ச் நிலம் என்றிருந்தது.

"காணி அளக்கிற சேவையரக் கூப்பிடுவம், மாமா," என்றான் மாப்பிள்ளையாகப் போகும் இல்ஹாம்.

"சேவையரோ? கண்ணில்லாதவனுக்குத்தான் நாடா வேணும், மருமகன்."

இல்ஹாம் கேட்கவில்லை. மறுநாள் சேவையர் வந்து நாடா பிடித்து அளந்தார். எட்டுப் பேர்ச்தான் இருந்தது.

"பத்தில்லாட்டி உம்மா கலியாணத்துக்கு ஓமெண்டு சொல்லமாட்டா. இந்த நடுமதில எந்தக் கள்ளன் இந்தப் பக்கம் தள்ளிக் கட்டின, மாமா?"

இஸ்மாலெப்பை நாடாவின் நுனியை மதிலுக்கு மேலால் எறிந்தார். சுற்றிப் போய், தன் வீட்டுக் குசினிக்குள், அடுப்படியில், அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுவரைக்கும் அளங்க, தம்பி."