லிஃப்ட் சாவி

"கம்ப்யூட்டரே பில்லு சரின்னு சொல்லிடுச்சு. நீங்க எதுக்கு ஆடிட்டர் மேடம் மல்லுக்கு நிக்கிறீங்க?" என்றார் கட்டடத்தின் முதலாளி.

"கம்ப்யூட்டர் பில்லையும் வாடகை ஒப்பந்தத்தையும்தான் பார்க்கும் சார். நான் கட்டடத்தையும் சுத்திப் பார்த்தேன். லிஃப்ட் பராமரிப்புச் செலவு மொத்தத்தையும் கடைக்காரங்க தலையில கட்டியிருக்கீங்க."

"ஏன், லிஃப்ட் ஓடலையா?"

"ஜோரா ஓடுது. ஆனா சாவி போட்டாத்தான் கதவே திறக்குது. ரெண்டாவது மாடி டெய்லர் துணி மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் படியேறுறார்."

"கண்டவங்களும் ஏறி வந்தா, மேல இருக்கிற என் வீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?"

"தாராளமா வேணும். அப்போ செலவும் உங்க வீட்டோடதுதான். பில்லுலேருந்து அதை எடுக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. "இந்த வேலையை உங்களுக்குக் கொடுத்ததே நான்தான். வேற ஆளைப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"பாருங்க. வர்ற ஆளும் இதையேதான் கேட்பார். லிஃப்டுக்கு மொத்தம் எத்தனை சாவி சார்?"

"மூணு."

"கடைக்காரங்க யார்கிட்டயாவது இருக்கா?"

"இல்ல. ஒண்ணு என்கிட்ட இருக்கு. இன்னொண்ணு என் சம்சாரத்துகிட்ட..." அவர் பார்வை ஆடிட்டரின் கைப்பைக்குப் போனது.

அவள் கைப்பையைத் திறந்து, மூன்றாவது சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நீங்க பில்லை மாத்துற வரைக்கும் நானும் படியேறியே வீட்டுக்கு வர்றேன், மாமா."