அப்பாவைப் பற்றிய பாட்டு

அப்பா சவரிமுத்து கிடாரைச் சுவரில் அடித்து உடைத்த மறுநாள், ஜெரோம் வீட்டைவிட்டுப் போனான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. பெங்களூரில் ஒரு பங்க் ராக் குழு சேர்த்து, தொண்டை கிழியக் கத்திப் பாடிப் பெயர் வாங்கினான். அப்பாவைப் பெயர் சொல்லித் திட்டுகிற பாட்டுதான் அவனை ஊர் ஊராகக் கொண்டுபோனது. வீட்டுப் பக்கம் மட்டும் அவன் வரவேயில்லை. கல்லீரல் கெட்டு இறந்தபிறகு அவன் உடல்தான் சொந்த ஊரான பொன்மலைக்கு வந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது, குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் தமயந்தியிடம் சவரிமுத்து வந்து நின்றார்.

“என்னைத் திட்டிப் பாடியிருக்கானாமே. அதைக் கொஞ்சம் போடும்மா.”

“வேணாம் அங்கிள். கேக்க முடியாது, ரொம்ப மோசமா இருக்கும்.”

“இருக்கட்டும். அவன் பேசினதை நான் ஒருநாளும் முழுசாக் கேட்டதில்ல.”

அவள் தயங்கித் தயங்கி போனில் பாட்டைப் போட்டாள். கிடார் இரைந்தது. அதற்கு மேலாக ஜெரோமின் குரல், “சவரிமுத்து, சவரிமுத்து” என்று அலறியது.

கிழவர் போனை இரண்டு கைகளாலும் வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். பெயர் வரும்போதெல்லாம் மெல்ல, “சொல்லுப்பா” என்றார்.