செம்மலர் செருகிய கேலக்ஸி

கேலக்ஸிகளை வரைபடமாக்கியே தலை நரைத்த செம்மலருக்கு மலையுச்சித் தொலைநோக்கியின்மேல் கொஞ்ச நாளாகவே சந்தேகம். மலையில் மழை கொட்டினாலும் கேட்ட படத்தை அது அனுப்பிவிடுகிறது.

வரைபடக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வானத்தைப் பார்க்காமல் காப்பியடிப்பவர்கள் மாட்டிக்கொள்ளட்டும் என்று, இல்லாத கேலக்ஸி ஒன்றை வரைபடத்தில் எங்காவது செருகிவைப்பார்கள். செம்மலரும் செருகியிருந்தார். இன்று அதைப் படமெடுக்கத் தொலைநோக்கியிடம் சொன்னார்.

"வந்துடுச்சு மேடம்! என்ன அழகு பாருங்க," என்றார் சக ஆய்வாளர் ஜெரோம். சுருள் சுருளாகக் கைகள், நடுவில் பொன்னிற வெளிச்சம். துணைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி கேலக்ஸி வேறு.

"அது நான் விட்ட கப்ஸா, ஜெரோம். அந்த இடத்துல ஒண்ணுமே கிடையாது."

ஜெரோம் படத்தை மறுபடி உற்றுப் பார்த்தார். "அப்ப இது வானத்தைப் பாக்கறதே இல்லையா? நம்ம வரைபடத்தைப் படிச்சுட்டு நமக்கே வரைஞ்சு குடுக்குதா?"

செம்மலர் சுவரைப் பார்த்தார். அவருக்கு விருது வாங்கித் தந்த கேலக்ஸி அங்கே சட்டத்துக்குள் தொங்கியது. அதற்கு அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் இதே தொலைநோக்கிதான்.

ஜெரோமும் சுவரைப் பார்த்தார். "அதையும் ஒரு தடவை எடுக்கச் சொல்லிப் பாக்கலாமா, மேடம்?"

"வேணாம்," என்றார் செம்மலர். "கேட்டா அதுவும் வந்துடும்."